ஒரு கட்டிலின் பக்கம் மட்டும் ஈரம்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டேன். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. அந்த நாளை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்திருந்தேன். பழைய கரவன் வாங்கப் போகிறவர் வெயில் நாளில் போனால் அதன் குற்றம் கண்ணுக்குத் தெரியாது.

கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பலகை. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பலகை உக்கி உளுத்துப்போகும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு கிடைத்தால் கெல்சென்கிர்ச்சனில் தங்கை வீட்டுச் சோபா, இல்லாவிட்டால் லண்டனில் அண்ணன் வீட்டுச் சோபா. அன்பாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் அவர்கள் ரிவி பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துதான் படுக்கையை விரிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னே எழுந்து மடித்து வைக்க வேண்டும். போகிற இடத்தில் எனக்கென்று ஒரு கதவு இருந்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிவிட்டது.

அன்று நான் தனியாகப் போவதாக இருக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவரின் கணவர், சிவம் அண்ணை, கூட வருவதாகச் சொல்லியிருந்தார். ஈரமான கரவன் ஒன்றை வாங்கி நன்றாக ஏமாந்தவர் அவர். மேடையில் நிற்கும்போது போன் வந்தது.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. சின்னவளுக்கு இரவு முழுக்கக் காய்ச்சல். எனக்கு வர ஏலாது."

"பரவாயில்லை அண்ணை. நான் போறன்."

"தனியவோ?"

"ஓம்."

பிறகு சொன்னார்: "அப்ப கேளுங்கோ. ஆள் எவ்வளவு நல்லாக் கதைச்சாலும் கட்டிலைத் தூக்கிப் பாக்காமல் ஓமெண்டு சொல்லிப்போடாதேங்கோ. நான் ஈர மணம் இல்லையெண்டதை நம்பி ஏமாந்தனான். மீற்றர் கையில இருக்கோ?"

இருந்தது. சுவரில் வைத்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டும் கையளவு கருவி. முதல் நாளே தந்திருந்தார். பதினைந்துக்குக் கீழே காட்டினால் நல்லது, இருபதைத் தாண்டினால் யோசிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

சோஸ்ட், லிப்ஸ்டட், பாடர்போர்ன் என்று ரயில் கிழக்கே போனது. வயல்களில் தண்ணீர் கண்ணாடித் துண்டுகள்போல நின்றது. பாடர்போர்னுக்குப் பிறகு காடும் மேடும். எதிரே மலையேறும் சப்பாத்தோடு ஒரு ஜெர்மன் பெண் வந்து இருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"கரவனா! எங்களிடமும் இருந்தது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது. உங்களுக்கு எத்தனை பேருக்கு?"

"ஒருவருக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். அதன் பிறகு காசல்வரை நாங்கள் பேசவில்லை. அவர்மேல் பிழையில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு என்ன பேசுவதென்று யாருக்கும் தெரிவதில்லை.

காசலில் ரயில் மாறினேன். மேடையில் ஒரு கோப்பி, மூன்று யூரோ நாற்பது சதம். அடுத்த ரயில் விட்சன்ஹவுசன் வழியாகப் போனது. சரிவெல்லாம் இலையில்லாத செர்ரி மரங்கள். இன்னும் ஒரு மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய இடம். அதைத் தாண்டினால் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளைப் பிரித்த பழைய எல்லை. இப்போது அங்கே ஒன்றுமில்லை. காவற்கோபுரம் இருந்த இடம் எதுவென்று தேடிக் களைத்தேன். முற்பகலில் நோர்ட்ஹவுசனில் இறங்கினேன். ஹம்மிலிருந்து ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீற்றர்.

நிலைய வாசலில் ஒரு பழைய காரோடு நின்றார் விற்பவர். அவரை இங்கே டீற்றர் என்று எழுதுகிறேன். அவருடைய கிராமத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். எழுபதைத் தாண்டிய, உயரமான மனிதர். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையைக் கொடுத்துவிட்டு என் பின்னால் பார்த்தார்.

"கணவர் வரவில்லையா?"

"நான்தான் வாங்குபவள்."

"நல்லது," என்று காரைத் திறந்தார். ஹார்ட்ஸ் மலையடிவாரமாகப் பன்னிரண்டு கிலோமீற்றர். வழி நெடுகப் பேசவே இல்லை.

கரவன் வீட்டின் பின்னால், ஆப்பிள் மரத்தின் கீழே நின்றது. ஐந்து மீற்றருக்குச் சற்று மேலே நீளம், பதினெட்டு வயது. விலை ஆறாயிரத்து எண்ணூறு யூரோ என்று போட்டிருந்தார்.

முதலில் வெளியே ஒரு சுற்று. தகடுகள் சேரும் மூலைகளில் ஓடும் பட்டியை விரலால் தடவினேன், பசை வெடிக்கவில்லை. ஏணி கேட்டேன், தந்தார். கூரையில் பாசி இருந்தது, ஓட்டை இல்லை. உள்ளே கதவருகே காலை ஊன்றி மிதித்தேன். தரை இறங்கவில்லை. ஜன்னல் மூலைகளில் பெருவிரலால் அழுத்தினேன். உக்கிய பலகை பாண் துண்டுபோல மெத்தென்று உள்ளே போகும் என்று சிவம் அண்ணை சொல்லியிருந்தார். இது போகவில்லை. பிறகு மீற்றரை வைத்தேன்: முன்பக்கம் பதினொன்று, சமையல் பக்கம் பன்னிரண்டு, மேல் அலுமாரிகளுக்குள் பத்து. எனக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுப்புக்கு மேலே என் மிளகாய்த்தூள் போத்தலை எங்கே வைப்பதென்றுகூட யோசித்துவிட்டேன்.

பின்பக்கம் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் ஒரு நடைவழி. வலது பக்கத்து மெத்தையைத் தூக்கினேன். சுவர் பதின்மூன்று.

இடது பக்கத்து மெத்தையைத் தூக்கினேன். அடியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். பலகையில் கை வைத்தால் குளிர்ந்தது. மீற்றர் முப்பத்தொன்று காட்டியது. தலை வைக்கும் இடத்தில் முப்பத்துநான்கு.

டீற்றர் வாசலில் நின்றார். "கூரை ஒழுகுகிறதா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், பதில் அவருக்குத் தெரியும் என்று பட்டது.

மறுபடி ஏணியில் ஏறி அந்த மூலையைப் பார்த்தேன். பட்டி நன்றாக இருந்தது. உள்ளே வந்து மேலிருந்து கீழே அளந்துகொண்டு வந்தேன். கூரையருகே பன்னிரண்டு, கீழே வர வர ஏறியது. மழைத் தண்ணீர் மேலிருந்து வரும். இது கட்டிலிலிருந்து வந்திருந்தது. குளிர்காலத்தில், ஜன்னலைப் பூட்டிக்கொண்டு மனிதர் தூங்கினால் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் இப்படித்தான் படியும்.

"இங்கே யாரோ படுக்கிறார்கள்," என்றேன். "ஒரே ஒருவர்."

அவர் உள்ளே வந்து வலது பக்கக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒக்டோபரிலிருந்து," என்றார்.

மனைவி இங்ரிட்டுக்கு மறதி நோய். மூன்று வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். இரவில் எழுந்து வெளிக்கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாராம். இலையுதிர் காலத்தில் ஆறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் முதியோர் இல்லமொன்றில் சேர்த்துவிட்டார்.

"வீட்டுக்குள் படுத்தால் நான் இன்னும் கதவுச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே அவள் ஒரு நாளும் எழுந்து போனதில்லை. இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது."

இருபது வருடமாக அப்படிப்பட்ட கணவர்களை நான் வேலையில் பார்க்கிறேன். பூவோடு வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். அவர்கள் எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மீற்றரைப் பைக்குள் வைத்தேன்.

"இதை இப்போது விற்காதீர்கள். நான் வேறொன்று பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் உங்களிடம் ஆறுதல் கேட்டேனா? விலை போட்டு விற்கிறேன். இது நிற்கும்வரை நான் இங்கேதான் படுப்பேன். அதனால்தான் விற்கிறேன். உங்களுக்குக் கரவன் வேண்டுமா, வேண்டாமா?"

வெட்கமாக இருந்தது. என்னைக் கேட்காமலே எனக்கு எது நல்லதென்று தீர்மானிப்பவர்கள் எத்தனை பேரோடு நான் மனதுக்குள் சண்டை பிடித்திருக்கிறேன். அதையே கால் மணி நேரத்துக்குள் இந்த மனிதருக்குச் செய்துவிட்டேன்.

"மன்னியுங்கள். வேண்டும்," என்றேன். "ஆனால் இந்த விலைக்கு இல்லை."

அதன் பிறகு இருவரும் நன்றாகவே பேரம் பேசினோம். பலகை இன்னும் உக்கவில்லை, காய்ந்தால் பிழைத்துவிடும், காயாவிட்டால் சுவரைக் கழற்ற வேண்டும் என்றேன். ஆறாயிரத்தில் நின்றது. ஏப்ரல் முடிவில் சுவர் பதினைந்துக்குக் கீழே வந்தால் எடுப்பேன் என்பது என் நிபந்தனை. கூரைச் சாளரம் திறந்திருக்க வேண்டும், சிறு ஹீற்றர் எரிய வேண்டும், மெத்தை வெளியே போக வேண்டும்.

"யாரும் படுக்கக் கூடாது," என்றேன்.

"இன்றிலிருந்தா?"

"இன்றிலிருந்து."

அவர் சற்று நேரம் மெத்தையைப் பார்த்தார். பின்னர் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். ஈர மெத்தை பிணம்போலக் கனத்தது. தோட்டத்தின் குறுக்கே தூக்கிப்போய்க் கொட்டிலில் சாய்த்தோம். அத்தோடு முடியவில்லை. வீட்டுப் படுக்கையறைக்கு வேண்டாம், முன்னறைக்கு என்று சொல்லி அவரே மேலே போய் வேறொரு மெத்தையை இறக்கினார். அதைக் குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டோம். வெளிக்கதவு அங்கிருந்து நேரே தெரிந்தது. அவர் அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மெத்தையைக் காலால் தள்ளித் தலைப்பக்கத்தை மறுபுறம் திருப்பினார்.

உருளைக்கிழங்கு சூப் தந்தார். உப்புக் குறைவு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு அவர் இல்லத்துக்குப் போக வேண்டும்; அதற்கு முன் என்னை நிலையத்தில் விடுவதாகச் சொன்னார்.

காரில் அவரே பேசினார். "எப்போது புறப்படுகிறோம் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். கரவனில்தான். மழை விட்டதும் போவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு முகில் இல்லை.

"இன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை," என்றார்.

மீற்றரை அவரிடமே கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். சிவம் அண்ணைக்குப் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தேன், முப்பத்தைந்து யூரோ. வாரத்துக்கு ஒரு தடவை டீற்றர் ஒரு படம் அனுப்புவார். சுவர், மீற்றர், எண். இருபத்தேழு. இருபத்திரண்டு. பதினெட்டில் அந்த எண் இரண்டு வாரம் நின்றது. இரண்டாவது வாரப் படத்தின் கீழே ஒரே ஒரு வரி: "முன்னறையில் தூங்குகிறேன். நன்றாக இல்லை. ஆனாலும் தூங்குகிறேன்."

ஏப்ரல் கடைசியில் பதினான்கு வந்தது. அதற்குள் என் காருக்குக் கொழுக்கி பொருத்தியிருந்தேன். இந்தமுறை காரில் போனேன். செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டத் தொடங்கியிருந்தன. பணத்தைக் கொடுத்து, பத்திரங்களை வாங்கி, கரவனைக் கொழுவியதும் டீற்றர் ஒன்று கேட்டார்: போகும் வழியில் இல்லத்தின் முன் ஐந்து நிமிடம் நிறுத்த முடியுமா?

நிறுத்தினேன். இங்ரிட்டைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். மெலிந்த பெண், பொத்தான்கள் சரியாகப் போடப்பட்ட நீலச் சட்டை. கரவனின் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"புறப்படுகிறோமா?"

"இவர் புறப்படுகிறார்," என்றார் டீற்றர்.

இங்ரிட் என்னைப் பார்த்தார். அழுவாரோ என்று பயந்தேன். "இறக்கத்தில் மெதுவாகப் போங்கள்," என்றார்.

காரில் ஏறினேன். கண்ணாடியில் இருவரும் வாகனத் தரிப்பிடத்தின் நடுவே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வெளிக்கிட்டபோது யாருக்கும் சொல்லாமல்தான் வெளிக்கிட்டேன். தங்கை வீட்டிலிருந்து திரும்பும்போது எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் சாவியைக் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவேன். வீதியில் நின்று ஒருவர் என்னை வழியனுப்பியதாக எனக்கு ஞாபகமில்லை. அன்று இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவருக்கு நான் யாரென்றே தெரியாது. வீதி திரும்பும்வரை நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்துக்கொண்டே போனேன்.