அம்புக்குறி அக்கா

தண்ணீர் வடிகட்டி செய்யும் ஒரு கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில், எட்டு வருஷம் போனும் காதுமாக உட்கார்ந்திருந்தவள் அவள். ஜன்னல் இல்லாத அறை. நான்கு மேஜை, நான்கு போன். காலையில் முதல் மணி அடித்தால் சாயங்காலம் வரை ஓயாது. பத்து அழைப்பு வந்தால் அதில் ஏழு ஒரே புகார்தான்: வடிகட்டி ஒழுகுகிறது. காரணமும் ஒன்றேதான். உள்ளே இருக்கும் குழலை மாற்றும்போது ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். அந்த வளையத்துக்கு ஒரு பக்கம் மட்டம், மறுபக்கம் லேசான மேடு. மேட்டுப் பக்கம் கீழே போக வேண்டும். மாற்றிப் போட்டால் சமையலறை குளமாகிவிடும்.

பெட்டிக்குள் விளக்கத் தாள் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் ஒரு புகைப்படமும் இருந்தது. கறுப்பு வளையத்தைக் கறுப்பு மூடிக்குள் வைத்து எடுத்த படம். அச்சில் வரும்போது மை கொட்டின மாதிரி இருக்கும். ஆகவே எல்லோரும் போன் செய்தார்கள்.

“மேடம், வளையத்தக் கையில எடுங்க. விரலால தடவிப் பாருங்க. ஒரு பக்கம் மேடா இருக்கா?”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க இருக்கு.”

“கண்ண மூடிக்கிட்டு நல்லா தடவுங்க, தெரியும்.”

“கண்ண மூடிட்டா நான் எப்படிங்க பாக்குறது?”

இப்படி எட்டு வருஷம்.

ஒருநாள் போனுக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தையல்காரர். “எனக்குக் காது கேட்காது. சந்தேகம் இருந்தால் போன் செய்யச் சொல்லி அச்சடித்திருக்கிறீர்கள். மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். மூன்று முறையும் ஒழுகுகிறது. எழுத்தில் சொன்னால் நல்லது” என்று மணிமணியான கையெழுத்தில் இருந்தது.

அவள் எழுத உட்கார்ந்தாள். அரைப் பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தால் அவளுக்கே புரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, மேஜை மேலிருந்த மாதிரி வடிகட்டியைக் கழற்றிப் பிரித்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். பள்ளியில் பூவையும் வேரையும் வெட்டிப் பார்த்து வரைந்ததோடு சரி; அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொட்டதில்லை. மூடி வந்தது, குழல் வந்தது. வளையத்தின் மேடுதான் எப்படி வரைந்தாலும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பிளேடால் ஒரு வளையத்தைக் குறுக்கே வெட்டினாள். வெட்டின முகத்தில் மேடு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பெரிதாக வரைந்து, கீழ்நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி போட்டாள். நான்கு படம். ஒரு நகலை வைத்துக்கொண்டு, தபாலில் போட்டுவிட்டு மறந்தும் போனாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. “ஒழுகவில்லை. படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மிக்க நன்றி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது படத்தில் மூடியைத் திருகும் கைக்கு ஆறு விரல் இருக்கிறது.”

நகலை எடுத்து எண்ணினாள். ஆறுதான். பக்கத்து மேஜைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு விரலோடும் ஒருவருக்குப் புரிந்திருக்கிறது என்றால், ஐந்து விரலோடு வரைந்தால் எத்தனை பேருக்குப் புரியும்?

வீட்டில் மூன்று பேர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அவருடைய தங்கை, பிறகு இவள். நாத்தனார் எந்தக் கணக்கையும் மனசிலேயே போட்டு முடித்துவிடுவாள். ஆனால் ஒரு டப்பா மூடியை ஒழுங்காகப் போட ஐந்து நிமிஷம் ஆகும். டார்ச்சுக்குள் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவள். அவளைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்? அவளிடம் வடிகட்டியையும் படத்தையும் கொடுத்தாள்.

“என்ன அண்ணி இது, கையா? பஞ்சு அடைச்ச கையுறை மாதிரி இருக்கு.”

“கைய விடு. வளையத்தப் போடு.”

“கையே எங்க பிடிக்குதுன்னு தெரியலன்னா நான் எங்க பிடிக்கிறது?”

நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு மேல் சரியாக அவளுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கம்பியைப் பிடித்த கைகளாக வரைந்து தள்ளினாள். பை பிடித்த கை, சில்லறை எண்ணும் கை, தூங்கி விழுகிறவரின் மடியில் கிடக்கும் கை. “என் கைய ஏன் முறைச்சுப் பாத்துக்கிட்டே வர்ற?” என்று ஒரு அம்மாள் சத்தம் போட, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நோட்டைத் திறந்து காட்டியதும் அந்த அம்மாள் இறங்கும் வரை கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷத்தில் பதினான்கு நோட்டு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பிலும் சேர்ந்தாள். வகுப்பிலேயே வயசு கூடியவள் அவள்தான். அங்கே வாத்தியார் அவள் தாளைத் தூக்கிப் பிடித்து, “கோடெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்ல” என்றார். அவளுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் வகுப்பை விடவில்லை. தூரத்தில் இருப்பது எப்படிச் சிறுக்கிறது, ஒரு பெட்டியை மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் மறைகிறது, எந்தக் கோடு தடித்தால் கண் முதலில் அங்கே போகிறது என்பதையெல்லாம் ஒன்று விடாமல் கறந்துகொண்டுதான் வெளியே வந்தாள்.

அலுவலகத்தில் இதற்குள் அவள் பெயர் ‘அம்புக்குறி’ ஆகியிருந்தது. ஒழுகுகிறது என்று யார் சொன்னாலும் முகவரி கேட்டுப் படத்தை அனுப்பிவிடுவாள். இன்ஜினியர் ஒருவர், “இதெல்லாம் உங்க வேலை இல்லம்மா” என்று முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போன் குறைவதை மேனேஜரே கவனித்துவிட்டு, படத்தை அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கச் சொன்னார்.

ஒன்றரை வருஷத்தில் அந்த அறை அமைதியாகிவிட்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு வாயெல்லாம் பல்லாகப் பாராட்டினார். பாராட்டி முடித்த கையோடு, நான்கு பேர் இனித் தேவையில்லை, ஒருவர் போதும், மற்றவர்கள் கிடங்குக்குப் போகலாம் என்றார்.

“அப்ப என்னப் படம் வரையிற வேலைக்கே போட்டுடுங்களேன் சார். நம்ம கம்பெனியில இன்னும் பதினஞ்சு பொருள் இருக்கே.”

“அப்படி ஒரு வேலையே நம்மகிட்ட இல்லையேம்மா.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அதைவிட வலித்தது பக்கத்து மேஜைக்காரி சொன்னதுதான்: “நீ போட்ட அம்புல எங்க நாற்காலியும் போச்சு.” அந்தத் தோழி மறுபடி பேச இரண்டு வருஷம் ஆயிற்று.

கிடங்குக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கவலைப்படும்போது செய்வது அது. நாத்தனார்தான் பேசினாள்.

“அண்ணி, என் வாழ்க்கையில மொத தடவையா ஒரு சாமான நானே மாட்டினது உங்க படத்தப் பாத்துத்தான். என்ன மாதிரி ஊருல எத்தன பேர் இருப்பாங்க! சும்மா விட்றாதீங்க.”

படங்களை ஒரு கறுப்பு அட்டைக்குள் செருகிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். “கலர் இல்லையா?” என்றார்கள். “ஒரு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுதே” என்றார்கள். ஒரு மடக்குக் கட்டில் கம்பெனிக்காரர் மாதிரிக்கு என்று ஆறு படம் வாங்கிவைத்துக்கொண்டு, காசு தராமல் அதையே அச்சடித்துக் கட்டிலோடு விற்றுக்கொண்டிருந்தார். பிறகுதான் ஒப்பந்தம் என்றால் என்ன, முன்பணம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டாள். சும்மா வரைந்து தருவதை அன்றோடு நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் வரையப் பழகியது இன்னொரு கொடுமை. மூன்று மாதம் கம்ப்யூட்டரோடு இணைத்த பேனாவும் பலகையும் அவளை அழவைத்தன. கை ஒரு பக்கம் போனால் கோடு இன்னொரு பக்கம் போயிற்று.

ஆனால் அவளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பழக்கம் இருந்தது. வரைந்து முடித்ததும், அந்தப் பொருளை அதுவரை பார்த்திராத ஒருவரை உட்காரவைப்பாள். பொருளையும் படத்தையும் முன்னே வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரோ அங்கே படம் தப்பு. ஆள்மேல் தப்பே கிடையாது. எட்டு வருஷம் போனில் தொண்டை வறளப் பேசியவளுக்கு அந்த மௌனம் எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். குழந்தை வண்டி, தீயணைக்கும் குப்பி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றாக வேலை வர, அவள் பேரும் மெல்லப் பரவியது.

ஒரு ஆஸ்பத்திரியின் ஹெட் நர்ஸ் கூப்பிட்டது அப்போதுதான். பக்கவாதம் வந்தவர்களை மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியாகத்தான் உணவு கொடுக்க வேண்டும். வீட்டு ஆட்கள் பயந்து தப்புத் தப்பாகச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரி கொடுக்கும் தாளோ முழுக்க முழுக்க எழுத்து.

மூன்று நாள் வார்டிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து, பன்னிரண்டு படம் வரைந்தாள். அதுவரை அவள் வரைந்ததிலேயே அழகானவை அவைதான். குழாயின் வாய், ஊசியில்லாத சிரிஞ்சு, அதைச் செங்குத்தாகப் பிடித்த விரல்கள், எல்லாம் அப்படியே எடுத்துவைத்த மாதிரி. ஹெட் நர்ஸ் பார்த்துப் பூரித்துப்போய், “நாளைக்கே அச்சுக்குக் குடுத்துடலாம்” என்றார்.

“மொதல்ல ஒருத்தர் செஞ்சு பாக்கட்டும் சிஸ்டர்.”

வார்டில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். மனைவிக்கு இந்தக் குழாய்தான் வைத்திருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மையை ஒரு காலிக் கட்டிலில் கிடத்தி, படத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் கையைக் கழுவினார், குழாய் நகரவில்லையே என்று அதில் போட்டிருந்த குறியைச் சரிபார்த்தார், சிரிஞ்சைப் பொருத்தினார், மெதுவாக ஊற்றினார். படத்தில் உள்ளபடி ஒன்றுவிடாமல் செய்தார். பொம்மை மட்டும் மல்லாந்து தட்டையாகக் கிடந்தது.

நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தாமல் ஊற்றினால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். வார்டில் நோயாளிகள் படுத்திருக்கும் எல்லாக் கட்டிலும் எப்போதும் தலைப்பக்கம் தூக்கியேதான் இருக்கும். அதனால் அதை வரைய வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கையும் குழாயும் அழகாகத் தெரிய வேண்டும் என்று படத்திலிருந்து கட்டிலையே வெட்டிவிட்டிருந்தாள்.

“நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனாம்மா?” என்று அவர் கேட்டார்.

“நீங்க இல்லண்ணே. நான்தான் தப்பாப் போட்டேன்.”

பன்னிரண்டையும் கிழித்தாள். ஹெட் நர்ஸ் பதறி, “ஒண்ணே ஒண்ணு சேத்துட்டா போதுமே, எதுக்கு எல்லாத்தையும்?” என்றார். அவள் கேட்கவில்லை. மூன்று பேர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், சரியாகச் செய்து முடிக்கும் வரை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள். இருவருக்கும் வார்த்தை தடித்தது. அவள் பிடிவாதத்தால் பறிபோன வேலைகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடவை ஹெட் நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது பொறுத்தார். புதிய படங்களில் கை அவ்வளவு அழகாக இல்லை, சிறுத்துப்போயிருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் முழுக் கட்டிலும் இருந்தது, தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. கடைசிப் படத்தில் ஒரு கடிகாரம்: உணவு கொடுத்து அரைமணி நேரம் வரை இறக்காதே.

மூன்றாவது ஆளாக அதே லாரி ஓட்டுநர்தான் செய்து பார்த்தார். முதல் வேலையாகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கினார். ஹெட் நர்ஸ் அவள் தோளில் கைவைத்துவிட்டு நகர்ந்தார். நான்கு மாதம் கழித்து ஓட்டுநர் அவளுக்குப் போன் செய்தார். மனைவிக்குக் குழாய் எடுத்தாகிவிட்டது, வாயால் சாப்பிடுகிறாள் என்றார். “அந்தப் படத்த மட்டும் செவுத்துலேர்ந்து எடுக்கவே விட மாட்டேங்கிறாம்மா.”

இப்போது பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் அவள் தாள்கள் இருக்கின்றன. எதிலும் அவள் பெயர் கிடையாது. அவளோடு இரண்டு பேர் சேர்ந்து வரைகிறார்கள். அவர்களும் வாயை மூடிக்கொண்டு பார்க்கப் பழகிவிட்டார்கள்.

போன வாரம் ஒரு கம்பெனி, தீ விபத்து சமயத்தில் நடக்க முடியாதவர்களை மாடியிலிருந்து இறக்கும் மடக்கு நாற்காலி ஒன்றை அனுப்பியிருந்தது. குடியிருப்பின் மாடிப்படியில் வைத்து, அதில் வீட்டுக்காரரை உட்காரவைத்து வாரைக் கட்டினார்கள். நாத்தனார் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலிருந்து இறக்கினாள். முதல் வரிசைப் படிகளில் வழுக்கிக்கொண்டு போயிற்று. திருப்பத்தில் நாற்காலி சுவரில் முட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“அண்ணி, இங்க எப்படித் திருப்புறதுன்னு படமே இல்லையே!”

“ஆமா, இல்ல. அசையாதீங்க, அப்படியே இருங்க.”

அவள் படியிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நாற்காலியின் பின்சக்கரம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சாண் போட்டுப் பார்த்தாள். மேல்வீட்டு ஆட்கள் காய்கறிப் பையோடு வந்து, இடுக்கு வழியாக நெளிந்து ஏறிப்போனார்கள். “என்ன சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று ஒருவர் விசாரித்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இவ அஞ்சாவது படம் போட்டு முடிச்சதும் இறங்கிடுவேன்” என்றார் வீட்டுக்காரர், வாரால் கட்டுண்டபடியே.