தக்காளி போடாத பாஸ்தா

கோவளத்தில் வேன் ஓட்டும் கண்ணாயிரத்துக்குப் பாஸ்தா என்றால் உயிர். மாமல்லபுரம் சவாரியில் ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக் கொடுத்ததில் பிடித்த பித்து அது. ஆனால் தக்காளியும் சீஸும் உள்ளே போனால் போதும், முகம் சிவந்து, உடம்பு அரித்து, தும்மல் பிய்த்துக்கொள்ளும். இவற்றில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, மீன் பழசானால் அதிலும் அது ஏறிவிடும் என்றார் டாக்டர். "தக்காளி, சீஸ், முந்தின நாள் மீன், மூணையும் மறந்துடுங்க."

அவர் மனைவி கண்ணகிக்கு வந்தது பாருங்கள் ஒரு ரோஷம்! படகு கரையேறியதும் ஓடிப்போய் வஞ்சிரம் வாங்கினாள். தேங்காய்ப்பால், பூண்டு, கறிவேப்பிலை போட்டுப் பாஸ்தா கிளறினாள். கண்ணாயிரம் தட்டு தட்டாகத் தின்றுவிட்டுக் கண்ணாடி முன் நின்றார். முகம் சிவக்கவில்லை, தும்மலும் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்திலேயே குத்தாட்டம் போட்டார்.

மீந்ததைப் பூனைக்கு வைக்கக் கண்ணகி சட்டியைத் தூக்கினாள். அவர் பாய்ந்து பிடுங்கினார்.

"இன்னாமே பண்றே? மீனு மறுநாள் துன்னாதான் ருசியே!"

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"அவரு சொன்னது மீன் கொழம்பை. இது பாஸ்தாமே!"

சட்டி அவர் பிடியிலேயே அடுப்படி மூலைக்குப் போனது. விடிந்ததும் வழித்துத் தின்றார். வேன் சாவியைத் தேடுவதற்குள் தும்மல் தூக்கி அடித்தது.

கண்ணகி அவர் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் தக்காளியே போடலய்யா. நீயே தக்காளியா வந்து நிக்கிற!"