ராய்ஸ் வெட்டிய சுவர்

வெர்னா ஸ்டிட்டத்துக்குச் சொந்த வீடு அமைந்தபோது வயது நாற்பத்தொன்று. எழுபதடி நீளம், பதினாலடி அகலம். வேறொரு குடும்பம் ஒன்பது வருஷம் வாழ்ந்துவிட்டுப் போன, லாரியில் கட்டி இழுத்துச் செல்லக்கூடிய டிரெய்லர் வீடு. கென்டக்கி மலைப்பக்கத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரிக்கும் மர ஆலைத் தொழிலாளிக்கும் அஸ்திவாரம் போட்ட வீடு வாங்க யாரும் கடன் தரவில்லை. இதற்குத் தந்தார்கள். கார் பதிவு செய்கிற அதே ஜன்னலில்தான் இந்த வீட்டுக்கும் பத்திரம் கொடுத்தார்கள்.

"நம்பர் பிளேட் ஒண்ணு மாட்டிடலாமா?" என்றான் அவள் கணவன் ராய்ஸ்.

"மாட்டு. ஓட்டுறதுக்கு லைசென்ஸும் நீயே எடு."

ஓடையோரக் குடியிருப்பில், மாத வாடகைக்கு எடுத்த மனையில், வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வரிசையில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வீடு வந்து நின்ற கையோடு முன்னால் ஒரு தாழ்வாரம் கட்டுவார்கள், பிறகு பக்கத்தில் ஓர் அறை. நாலு வருஷத்தில், அது சக்கரத்தில் உருண்டு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ராய்ஸும் ஒரு சனிக்கிழமை பக்கச் சுவரை ஆறடி அகலத்துக்கு வெட்டித் திறந்தான். ஆலையிலிருந்து கொண்டுவந்த ஓக் கட்டைகளில் ஓடையைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை கட்டி, வீட்டோடு சேர்த்தான். பின்னாளில் நுரையீரல் கெட்டு அவன் படுத்துக் கிடந்தது அந்த அறையில்தான். இறந்ததும் அங்கேதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பு கைமாறிவிட்டது, தொண்ணூறு நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டும். வீடுகள் உங்களுடையவை, எடுத்துச் செல்லலாம். எஞ்சுபவை இடிக்கப்படும் என்று மரியாதையாக எழுதியிருந்தது. வெர்னா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பதினாறு வருஷமாகத் தனக்குச் சொந்தமாக இருந்தது எது, இல்லாதது எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

தம்பி டென்சில் தன் மேட்டு நிலத்தில் ஒரு மூலையைத் தருவதாகச் சொன்னான். டிரெய்லர் வீடுகளை லாரியில் இழுக்கும் லோனி வந்து டார்ச்சோடு அடியில் புகுந்து பார்த்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"வீடு வரும்க்கா. இந்த ரூம் வராது."

"அதுவும் வீடுதான் தம்பி."

"ரோட்டுல அத இழுத்துட்டுப் போனா எதிர்ல வர்றவன் எங்க போவான்? அது மட்டும் இல்ல. அண்ணன் செவுத்த வெட்டுனப்ப கூரையத் தாங்குற கட்டைங்களையும் வெட்டிட்டாரு. இந்த ரூம்தான் இப்ப கூரையப் புடிச்சுட்டு நிக்குது. ரூமை எடுத்துட்டு, அந்த ஓட்டைய அடைக்காம இழுத்தா, மொத வளைவுலயே வீடு ரெண்டா மடியும்."

"அவனுக்கு அது தெரியலையா?"

"இந்த வரிசையில எவனுக்குத்தான் தெரிஞ்சுது. இழுத்துட்டுப் போகணும்னு நெனச்சா யாருக்கா ரூம் கட்டுவா?"

மூன்று வாரம் வெர்னா எதையும் தொடவில்லை. வேலை முடிந்து வந்து அந்த அறையில் ராய்ஸ் படுத்திருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மனைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. டென்சில் பொறுமை இழந்தான்.

"ஒரு ரூமுக்காக முழு வீட்டையும் புல்டோசருக்குக் குடுக்கப்போறியாக்கா? மச்சான் இருந்திருந்தா உன்ன முட்டாள்னு சொல்லியிருப்பாரு."

"இருந்தப்பவே சொன்னான். புதுசா என்ன."

"அப்ப மறுபடியும் வாடகை வீட்டுக்குப் போ. அவரு பாடுபட்டு அடைச்ச கடனுக்கு நல்ல மரியாதை."

மறுநாள் காலை வெர்னா ஆணி பிடுங்கும் கம்பியோடு அறைக்குள் போனாள். முதல் பலகை வரக் கால் மணி நேரம் பிடித்தது. ராய்ஸ் ஓர் ஆணி போதும் என்ற இடத்தில் மூன்று அடிக்கிறவன். அவனைத் திட்டிக்கொண்டே பிடுங்கினாள். அவன் போன பிறகு அவனோடு அவள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஓக் கட்டைகளைச் சுத்தம் செய்து தனியே அடுக்கினாள்.

ஓட்டையை அடைக்க கடையில் வாங்க வேண்டிய கட்டைகளை லோனி எழுதித் தந்தான். வெர்னா அடுக்கைக் காட்டினாள்.

"அது ஆலையில அறுத்த முரட்டுக் கட்டைக்கா. இந்தச் செவுரு ஒல்லி. துருத்திட்டு நிக்கும்."

"தாங்குமா?"

"லாரியே ஏறலாம்."

"அப்ப அதையே வை."

வீட்டை நகர்த்திய அன்று டென்சிலின் வண்டியில் பின்னாலேயே போனாள். மலையின் பெரிய வளைவில் கூரை ஒரு முறை முனகியது. லோனி நிறுத்தி, இறங்கி வந்து, அடைத்த சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். திரும்பிப் போய் லாரியைக் கிளப்பினான்.

அந்த மேட்டில் வெர்னா பதினோரு வருஷம் வாழ்ந்தாள். ஓடை தெரியவில்லை. கூடத்துச் சுவரில் ஆறடி மட்டும் விரற்கடை முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அங்கே எந்தப் படமும் சரியாகத் தொங்காது. இழைத்துச் சமன் செய்து தருகிறேன் என்று டென்சில் ஒவ்வொரு கோடையிலும் சொல்வான். இருக்கட்டும் என்பாள். போகும்போதும் வரும்போதும் அவளுடைய தோள் அதில் உரசும்.