பதினேழாவது குப்பி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்தாறு வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அன்றைக்கு நடந்ததை நினைத்தால் பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஓய்வு பெற்றபின் ராயபுரத்தில் ஒரு குளிர்கிடங்கில் வெப்பநிலைப் பதிவேடு எழுதப் போனேன். இறால் பெட்டிகளுக்கு நடுவே ஆய்வகச் சரக்குக்கென்று ஒரு ஃப்ரீசர். அன்று அதில் இருபத்துநான்கு குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. மனித உடம்பில் கொழுப்பைச் சுமந்துபோகும் ஒரு புரதம். மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது, ஆராய்ச்சிக்கு மட்டும். எந்த மனிதன் உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல, அதை ஞாபகம் வையுங்கள். மைனஸ் இருபதில் இருக்க வேண்டும், உருகினால் வீண்.

காலை பதினொன்றுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை! மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன், மூன்று முறை. ஐஸ் உடைக்கும் தேசம்மாதான் ஓடிவந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு குல்பி வித்தவரு நைனா. ஐசுல உப்ப அள்ளிப் போட்டுப் பொதைச்சி வையி, கல்லாட்டம் நிக்கும்."

சரியான வேதியியல். புதைத்தோம். மணிக்கொரு தரம் பார்த்தேன், மைனஸ் பதினைந்துக்கு மேல் ஏறவில்லை. நான்கு மணிக்கு ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். இருபத்துமூன்று கல்லாக இருந்தன. பதினேழாவது மட்டும் உருகி, வெதுவெதுப்பாக. தெர்மாமீட்டரை ஒட்டிவைத்தேன். 37. துடைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை பார்த்தேன், அதே 37, உயிருள்ள மனித உடம்பின் சூடு.

தேசம்மா தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "இன்னா நைனா இது, கொயந்த கையாட்டம் கீது!"

மேனேஜர் வந்தார். "பெரியவரே, கதை வேணாம். எல்லா மணிக்கும் மைனஸ் இருபதுன்னு எழுதுங்க. இல்லன்னா, சரக்குல கைவெச்ச அந்தம்மா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

டீசல் வாங்காத மனுஷன் சொல்கிறார்! தேசம்மாவுக்காக எழுதினேன். பன்னிரண்டிலிருந்து நான்குவரை ஐந்து வரி, ஐந்திலும் மைனஸ் இருபது. கையெழுத்தும் போட்டேன். பதிவேட்டை அவரே தன் மேஜையில் வைத்துப் பூட்டினார், சாவி அவர் பையில்.

மறுநாள் காலை அந்தத் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். "திமிரா?"

நான்கு வரி நான் எழுதியபடியே இருந்தது. ஐந்தாவது வரியில் 37.

என்னையும் தேசம்மாவையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். குப்பிகள் இருபத்துநான்கும் அதற்குள் லாரி ஏறிவிட்டன.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அது என் கையெழுத்துதான். ஏழுக்கு நடுவே நான் வழக்கமாகப் போடும் சின்னக் கோடுகூட இருக்கிறது.