உப்புச் சாயா

சலீமிக்கா இருந்தார். எங்கள் சுமை தூக்கும் குழுவுக்குத் தலைவர். ஜோசி சேட்டன் இருந்தார். வாய் மூடாத ஆள். பாண்டி இருந்தான், தேனிக்காரன். அவன் ஊர்க்காரன் செல்வராஜ் இருந்தான். பிறகு நான்.

போன செவ்வாய்க்கிழமை, மட்டாஞ்சேரி பஜார், அரிசிக் குடோன் வாசல். பத்து மணிச் சாயா. அன்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செல்வராஜ் சண்டைக்காரன். சாயாவில் சீனி குறைந்தால் சண்டை. தலையில் மூட்டையைக் கோணலாக ஏற்றினால் சண்டை. கொஞ்ச காலமாக அது இல்லை. லீவு கிடையாது. அடுத்தவன் மூட்டையையும் சுமந்தான். முதலாளி புகழ்ந்தார். நாங்களும்தான்... ‘ஆள் திருந்திட்டான்!’

அவனைப் பழையபடி கத்தவைத்துப் பார்க்க ஜோசி சேட்டனுக்கு ஆசை. அவன் கிளாஸில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டார்.

செல்வராஜ் குடித்தான். முழுவதும்.

“எடா, சாயா எப்படி உண்டு?”

“நல்லாருக்கு சேட்டா.”

கிளாஸை வைத்துவிட்டு மூட்டைக்குப் போனான்.

யாரும் சிரிக்கவில்லை. பாண்டிதான் மெல்ல வாய் திறந்தான். “இக்கா... முந்தாநேத்து அவன் போனை எங்கிட்ட குடுத்துட்டான். இனிமே எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கங்கறான்.”

சலீமிக்கா தலைத்துணியை அவிழ்த்தார். “லாரி கிடக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாம், எல்லாரும் வாங்க.”

பாதி லோடு லாரியில். முதலாளி கத்தினார். யார் கேட்டது?

செல்வராஜ் அசையவில்லை. “எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“உனக்கு மட்டும் இல்லடா. எல்லாருக்கும் ஓ.பி. சீட்டு எடுக்கலாம். மூளை எல்லாருக்கும் உண்டல்லோ?” என்றார் சலீமிக்கா.

“ஜோசி சேட்டனுக்குமா?” என்றான் பாண்டி.

செல்வராஜின் உதடு லேசாக அசைந்தது. அது போதும். அவனை இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போட் ஏறினோம்.

சர்க்கார் ஆஸ்பத்திரி. “யார் பேஷன்ட்?” என்றார் நர்ஸ்.

“அஞ்சு பேரும்,” என்றார் சலீமிக்கா.

“இதென்ன, கல்யாண பார்ட்டியா?”

டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தூக்கம் வருதா, பசிக்குதா, சாகணும்னு தோணுதா — நேராகவே கேட்கிறார். கேட்டால் விபரீதமாகிவிடும் என்று நாம்தான் பயந்து சாகிறோம்.

செல்வராஜ் வெளியே வர வெகுநேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. “கேட்டாங்க. சொல்லிட்டேன்,” என்றான். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது! பாண்டி அன்றே தன் பாயை அவன் அறைக்கு மாற்றிவிட்டான்.

பெண் அழுதால் என்னவென்று கேட்கிறோம். ஆண் பேசாமல் இரண்டு ஆள் வேலை செய்தால்... கைதட்டுகிறோமே!

கடைசியாக ஜோசி சேட்டன் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். செல்வராஜைவிட அதிக நேரம். வந்தவர் கண்ணைத் துடைத்தார். “மிளகாப் பொடி,” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஏது மிளகாய்ப் பொடி? செல்வராஜ் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.

சீட்டு எடுத்தது ஐந்து பேர். மாத்திரையோடு திரும்பியது இரண்டு பேர்.