கடைசி ஒரு சாண்

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. 'முடிச்சு' என்பார்கள், வயதில் சின்னவர்கள் 'முடிச்சக்கா' என்பார்கள். போர்வைக்குக் கடைசித் தையல் போட்டு, நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுப்பது அவள் வேலை. அவள் வருவதற்கு முன்பு அங்கே போர்வைகள் தொடங்கப்பட்டன. முடிந்தவை குறைவு.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. பழந்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நல்ல பகுதிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி தைப்பார்கள். மிஞ்சிய கந்தலைக் கொட்டகையின் கடைக்கோடியில் இருந்த மெஷின் பிய்த்துப் பஞ்சாக்கித் துப்பும். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் அந்தப் பஞ்சைப் பரப்பி, மூன்றும் நழுவாதபடி நெருக்கமாகக் கைத்தையல் ஓட்டி, ஓரத்துக்குப் பட்டை வைத்து மூடினால் போர்வை. மருத்துவமனைகளும் விடுதிகளும் வாங்கிக்கொண்டன. முடிந்த போர்வைக்கு மட்டும்தான் கூலி.

அப்படியிருந்தும் முடியாது. மேல்துணி தைப்பதில் ஒரு சுகம் உண்டு. சிவப்புக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம், இந்தப் பூப்போட்ட துண்டு எந்த மூலைக்குப் போகும் என்று மனசு ஓடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முதுகொடிக்கிற வேலை. ஆகவே ஒன்றைப் பாதியில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த மேல்துணியை எடுப்பார்கள். ஓரப்பட்டைக்குத் துணி போதவில்லை என்று ஒன்று நிற்கும். அடித்துணி அளவு சேரவில்லை என்று இன்னொன்று நிற்கும். ஒவ்வொருத்தியின் காலடியிலும் அரைகுறைப் போர்வைகள் சுருண்டு கிடந்தன.

எல்லாம் சேர்ந்த போர்வைகளும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. தைக்கத் தைக்கப் பஞ்சு நடுவுக்கு ஒதுங்கும், மூலைகள் சப்பையாகும். அதனால் நான்காவது ஓரத்தில் ஒரு சாண் திறந்து விடுவார்கள். அதன் வழியே கடைசிக் கைப்பிடிப் பஞ்சைக் குச்சியால் மூலைக்குத் தள்ளி, பிறகு மூட வேண்டும். அந்த ஒரு சாணை மூட எவளும் முன்வரமாட்டாள். முன்பு நெட்டையம்மா என்று ஒருத்தி இருந்தாள். கை வேகம். எல்லோர் போர்வையையும் அவள்தான் மூடித் தந்தாள். இருமி இருமிச் செத்துப்போனாள். வருகிற பழந்துணியில் செத்தவர்கள் சட்டையும் இருக்கும். அதைப் போட்டு மூடித் தைத்தால் உள்ளே இருப்பது தைத்தவளின் நெஞ்சில் ஏறிக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பியது.

கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த கணவனை வீட்டில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் முடிச்சு இந்தக் கொட்டகைக்கு வந்தாள். கூட்டி வந்தவள் நாத்தனார். தன் கணவன் துரத்திவிட்டதால் அண்ணன் வீட்டில் இருந்தவள். மேல்துணி தைப்பதில் கைகாரி. வந்த சில நாட்களிலேயே அண்ணி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? கூலிய காலுக்கு அடியில போட்டு மிதிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

"மூடணும் அண்ணி. மூட ஆள் இல்ல."

"ஊசி இருக்கு, நூல் இருக்கு, கை இருக்கு. வேற என்ன ஆள் வேணும்?"

நாத்தனார் நெட்டையம்மா கதையைச் சொன்னாள். அண்ணி ஊசியைத் தலைமுடியில் உரசிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"செத்தவன் சட்டை ஆளைக் கொல்லும்னா, பழந்துணிக்காரன் குடும்பத்தோட போய்ச் சேர்ந்திருக்கணுமே. அவன் நேத்துக்கூட தொப்பையத் தடவிக்கிட்டு மேஸ்திரிகிட்ட சண்டை போட்டானே."

"சிரிக்காதீங்க அண்ணி. எனக்கு அண்ணன் ஒருத்தன்தான், நீங்களும் ஒருத்திதான்."

"எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க. நான் மூடறேன்."

அவள் மூடியதோடு நிற்கவில்லை. சுவரில் வரிசையாக ஆணி அடிக்கச் சொன்னாள். ஒரு போர்வைக்கு ஒரு சாக்குப்பை. மேல்துணியின் முதல் சதுரத்தை வெட்டும்போதே அடித்துணியையும் ஓரப்பட்டையையும் வெட்டி அதே பைக்குள் போட்டாக வேண்டும். வேலை நகர நகரப் பையும் ஆணிக்கு ஆணி நகரும். எந்த ஆணியில் பை குவிகிறதோ அந்த வேலைக்கு இரண்டு பேர் கூடப் போக வேண்டும். கையில் இருப்பது கடைசி ஆணிக்குப் போகாமல் புது மேல்துணி தொடங்கக் கூடாது. இதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

"நீ என்ன எங்க மாமியாரா?" என்றாள் ஒருத்தி.

"மாமியாரா இருந்தா உன் தையலுக்கு அடி விழுந்திருக்கும். ஒவ்வொரு தையலுக்கு நடுவுலயும் ஒரு எலி போகுது பாரு."

கொட்டகையே சிரித்தது. சண்டை அதோடு முடிந்தது. பெஞ்சுகளுக்கு அடியில் தரை தெரிந்தது. லாரி காத்திருந்த காலம் போய், போர்வைக் கட்டுகள் லாரிக்காகக் காத்திருந்தன. பெண்கள் கையில் கூலி புழங்கியது. முடிச்சு என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

கடைசிக் கைப்பிடிப் பஞ்சை அள்ளிக்கொண்டு நடந்தால் காற்றில் பறக்கும் என்பதால், மூடும் மேசை பஞ்சு மெஷினை ஒட்டியே போடப்பட்டிருந்தது. சாபப் பேச்சு கிளம்பிய பிறகு அங்கே யாராவது எப்போதாவதுதான் வந்து போனார்கள். இப்போது எல்லோருக்காகவும் அவள் ஒருத்தி காலை முதல் மாலை வரை அங்கேயே உட்கார்ந்தாள். வேலை சீராக ஓடியது. அந்தச் சீரின் விலை யார் நெஞ்சில் இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

முதலில் தொண்டைக் கமறல். பிறகு வறட்டு இருமல். பிறகு, குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வர முடியாமல் நடுவில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எங்க உக்காந்து வேலை பாக்கறீங்க?"

"போர்வைப் பட்டறையிலம்மா."

"பட்டறையில எங்க?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. மெஷின் பக்கம் என்று சொன்னதும் டாக்டரம்மா படத்தை இறக்கி வைத்தார். "நூல் தூசி நுரையீரல்ல படிஞ்சு போச்சும்மா. போனது போனதுதான். இனிமே அங்க உக்காராதீங்க. வேற யாரையும் உக்கார விடாதீங்க."

பேருந்தில் வரும்போது நாத்தனாரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நெட்டையம்மா எங்கடி உக்காந்திருந்தா?"

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதே மேசைதான் அண்ணி. அதே முக்காலி."

மறுநாள் அவள் முதலாளி முன்னால் போய் நின்றாள். இரண்டில் ஒன்று செய்யுங்கள் என்றாள்: மேசையை ஜன்னல் பக்கம் போடுங்கள், அல்லது மெஷினுக்குப் பின்னால் தூசியை வெளியே இழுக்கிற விசிறி வையுங்கள். ஜன்னல் பக்கம் மூட்டை இறக்குகிற இடம் என்றார் முதலாளி. விசிறிக்குச் சுவரை உடைக்க வேண்டும் என்றார். பிறகு முகத்தில் ஒரு கனிவை வரவழைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. இங்க இருக்கிற பொம்பளைங்களே சொல்றாங்க, அந்தக் கடைசித் தையல் ஆகாதுன்னு. நீதான் யார் பேச்சையும் கேக்கல. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

மெத்தப் படித்த மனிதர். கணக்குப் போட மெஷின் வைத்திருந்தவர். பஞ்சு மெஷின் வாங்கப் போனபோது எந்தச் சாபத்தையும் அவர் விசாரித்ததில்லை. சாபம் அவருக்கு வசதியாக இருந்தது. தூசிக்குச் சுவரை உடைக்க வேண்டும். சாபத்துக்கு ஒரு பெருமூச்சு போதும். ஏழைகளின் மூடநம்பிக்கை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது யார் வீட்டுச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது என்று கேட்பதில்லை.

அவளால் வேலைக்குப் போக முடியாமல் போனது. கூலி நாத்தனாருடையது மட்டும் என்றானது. முக்காலி காலியாகவில்லை. துணி தேய்க்கும் அறையில் இருந்த ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்தார் மேஸ்திரி. பட்டறைக்குப் புதிது, நெட்டையம்மா கதை அவளுக்குத் தெரியாது.

நாத்தனார் அண்ணியின் கட்டிலோரம் உட்கார்ந்து கெஞ்சினாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் அண்ணி. ஆமா, தையல்தான் என்னைக் கொல்லுதுன்னு சொல்லுங்க. நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அந்த இஸ்திரிக்காரப் பொண்ணு அலறி அடிச்சுட்டு எந்திரிச்சுடுவா. அப்புறம் ஒருத்தியும் உக்கார மாட்டா."

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டாள். அந்தப் பொய் வேலை செய்யும் என்று அவளுக்கும் தெரியும்.

"இன்னைக்கு எந்திரிப்பா. நாளைக்கு முதலாளி கதை தெரியாத இன்னொருத்திய கூட்டிட்டு வருவான். மெஷின் அங்கயேதான் இருக்கும். நான் பொய் சொல்லிட்டுப் போனா அவனுக்கு நானே சாட்சி."

"பின்ன என்னதான் பண்ண?"

"ரெண்டு வெள்ளைத் துணி எடு. ஒரே துணியில கிழி. நனைச்சுப் பிழிஞ்சு ஒண்ண முக்காலிக்கு மேல கட்டு, ஒண்ண ஜன்னல்ல கட்டு. வேலை முடிஞ்சதும் எடுத்துட்டு வா."

நாத்தனார் நம்பிக்கையில்லாமல்தான் கட்டினாள். மேஸ்திரி கேட்டதற்கு, ஈரத்துணி கட்டினால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். சாயங்காலம் இரண்டையும் மடித்து எடுத்து வந்து கட்டிலில் விரித்தாள். ஜன்னல் துணியில் லேசான அழுக்கு. மற்றது துணியாகவே இல்லை. சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்த தோல் மாதிரி இருந்தது. விரலால் வழித்தால் சுருளாக வந்தது.

நாத்தனார் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப பேய்க்கு ஜன்னல் காத்து ஒத்துக்காது போலருக்கு அண்ணி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகை முந்திக்கொண்டது.

காலையில் அந்தத் துணியைக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினாள். தேய்ப்பு அறைப் பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"எனக்குங்கூட பத்து நாளா தொண்டை அரிக்குது. பல்லு விளக்கினா கறுப்பா வருதுக்கா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அனுப்ப வேண்டிய போர்வைகள் கடைசி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன; அவை முடியாவிட்டால் யாருக்கும் கூலி இல்லை. மேஸ்திரி வந்தார். மேசை திரும்பவும் மெஷின் பக்கம் போனது. போகிறவர்கள் போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது என்று முதலாளி அறையிலிருந்தே சொல்லி அனுப்பினார். தேய்ப்பு அறைப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கதவு வழியாகவே போனாள். அவளுக்கு வேறு ஊரில் ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்கு நடக்கிற கால்கள் இருந்தன.

மேஸ்திரி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கதை தெரியாதவள் என்று அங்கே இனி ஒருத்தியும் இல்லை. பார்வை நாத்தனாரிடம் வந்து நின்றது.

"உங்க அண்ணி பண்ண வேலைதானே? நீதான் பாக்கணும். முடியலன்னா நாளைலருந்து நீயும் வராத."

கடைசித் தையலுக்குப் பயந்த காலத்தில் அவள் அந்த முக்காலிக்கு அருகில்கூட நின்றதில்லை. தொட்டால் சாவு என்ற பொய் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. இப்போது அவளுக்கு உண்மை தெரியும். வீட்டில் படுத்த படுக்கையாக இரண்டு பேர், மருந்து வாங்குகிற கை ஒன்றுதான் என்பதும் தெரியும். முந்தானையை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அறிவு வந்தால் அடிமைத்தனம் போய்விடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அன்று அந்தக் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, அண்ணியைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"மேசைய நகத்தினீங்களாடி?"

"நகத்தியாச்சு அண்ணி. ஜன்னல்கிட்ட போட்டாச்சு. நல்ல காத்து."

"அந்தப் பொண்ணு?"

"அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நல்லாருக்கா."

"மூடறது யாரு?"

"ஆளுக்கு ஒண்ணா மூடறோம். அவங்கவங்க இடத்துலயே."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். கழுவிய முகம்தான். ஆனால் புருவத்திலும், காதுக்குப் பின்னாலும், வகிட்டிலும் மெல்லிய சாம்பல் இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கிட்ட வா" என்றாள்.

நாத்தனார் குனிந்தாள். அண்ணி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வோர் இழையாக எடுத்துப் போடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு போதாமல் அண்ணியின் கை நின்றது. நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டு, வருகிற இருமலைத் தொண்டையிலேயே விழுங்கினாள்.