சிமுலேட்டரில் இல்லாத கொள்ளு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மார்க் போட்ட தாள் எது வந்தாலும் அப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். மதுரையில் டிரைவிங் பழகியபோது சிமுலேட்டரில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய தாளும் அங்கேதான் தொங்குகிறது.

"வண்டி என்ன கலர்டா?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டி இல்லம்மா. சீட்டு, ஸ்டீயரிங், முன்னாடி பெரிய டிவி."

"அப்ப இம்புட்டு நாளும் டிவி பாக்கவா போன?"

லைசென்ஸ் வாங்கிய கையோடு வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மினி லாரி ஓட்ட ஆள் கேட்டார்கள். ஆலையின் பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவர் சரி என்றால் வேலை. இல்லையென்றால், சாயங்காலம் இன்னொருவன் வருகிறான்.

"டிவியில ஓட்டுனவனாம்ல. டீசல் வாசனையாச்சும் தெரியுமா மாப்ள?" என்று கேட்டபடி ஏறினார்.

இரண்டு கிலோமீட்டர் ஒழுங்காகத்தான் போனேன். ஒரு வளைவு தாண்டியதும் ரோடு முழுக்க அறுத்துப் போட்ட கொள்ளுச் செடி. சடாரென்று பிரேக் அடித்தேன். வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று பரப்புவது எனக்குத் தெரியாததா? பைக்கில் எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். ஆனால் சிமுலேட்டரில் ரோட்டில் கிடக்கும் எதன்மேல் ஏறினாலும் சிவப்பு விளக்கு எரியும், ஐந்து மார்க் போகும். கால் அதைத்தான் ஞாபகம் வைத்திருந்தது.

ஓரத்தில் நின்ற அக்கா கத்தினார்: "ஏந்தம்பி நின்னுட்ட? ஏத்து!"

"மேலயாக்கா?"

"பின்ன, தாண்டிக் குதிப்பியாக்கும்? காலையில இருந்து நாலு பைக்குதான் போயிருக்கு!"

டிரைவர் அண்ணன் கையை நீட்டி முன்னால் காட்டினார். ஏற்றினேன். சக்கரத்தடியில் மொறமொறவென்று கேட்டது. தொண்ணூற்றொன்று என்று மனசு கழித்துக்கொண்டது.

தாண்டியதும் அக்கா பின்னாலேயே ஓடிவந்தார். "தம்பி, அப்பிடியே ரிவர்ஸ்ல வா! ஓரத்துல உதிரவே இல்ல."

ஓரத்தை ஒட்டி வாய்க்கால்.

"உள்ள விட்டேன்னு வையி, எறங்கி அப்பிடியே வீட்டுக்கு நடந்துரு" என்றார் அண்ணன்.

சிமுலேட்டரில் எனக்கு வராமல் போக்குக் காட்டியது ரிவர்ஸ்தான். டிரைவிங் மாஸ்டர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் திரையில் வரும் குறுகலான சந்து ஒன்றில் அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். இங்கே சீட்டு குலுங்கியது, தூசி பறந்தது, அக்கா வேறு கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்த ஓரக் கோடு மட்டும் அந்தச் சந்தில் பார்த்த அதே கோடு. அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஒரு சாண் தள்ளி நேராக வந்தேன். அக்கா செடியைப் புரட்டிப் போடப் போட, முன்னும் பின்னுமாக நாலு நடை.

ஆலைக்குத் திரும்பியதும் அண்ணன் முதலாளியிடம் சொன்னார்: "முன்னாடி போகத்தான் பயப்படுறான். பின்னாடி நல்லா ஓட்டுறான். வச்சுக்கங்க."

வீட்டில் அப்பா ஆணியும் சுத்தியலுமாக நின்றார். "தாள் குடுக்கலையா?"

ரோட்டில் அந்த அக்கா கொடுத்த கொள்ளுப் பையைத்தான் நீட்டினேன்.